ஒட்டும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மாற்றங்கள்

“வடிவமே தெரியாத இரண்டு புரத டொமைன்கள் ஒட்டுமா, எந்த இடத்தில் ஒட்டும் என்று வெறும் எழுத்து வரிசையை வைத்துக் கணினி எப்படிச் சொல்கிறது?” வாசகர் ஒருவரின் கேள்வி இது.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி; ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்தாக எழுதினால் கிடைப்பதே எழுத்து வரிசை. டொமைன் என்பது அந்தச் சங்கிலியில் தனியாகவே மடிந்து நிற்கக்கூடிய பகுதி. இரண்டு டொமைன்கள் தொடும் இடத்தில் ஒன்றில் லைசின் (நேர்மின்சுமை), எதிரே குளூட்டாமிக் அமிலம் (எதிர்மின்சுமை) இருக்கட்டும். லைசின் மாறினால் பிடி தளரும். எதிரே இருப்பதும் பொருத்தமாக மாறினால்தான் பிடி நிலைக்கும். ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்களில் இந்த இரண்டு புரதங்களையும் எடுத்து, ஒரே உயிரியின் வரிசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, உயிரிக்கு ஒரு வரியாக அட்டவணை போட்டு, எந்த இரண்டு நிரல்கள் (அதாவது சங்கிலியின் இடங்கள்) சேர்ந்து மாறுகின்றன என்று பார்க்க வேண்டியதுதான்.

இங்கேதான் அழகான சிக்கல். அ என்ற இடம் ஆவைத் தொடுகிறது, ஆ இயைத் தொடுகிறது என்றால், தொடாத அவும் இயும்கூடச் சேர்ந்தே மாறும். இரண்டிரண்டு நிரல்களாக ஒப்பிடும் சாதாரண ஒட்டுறவுக் கணக்கு இதில் ஏமாந்துபோகும். 2009இல் மார்ட்டின் வைக்ட் குழுவினர், பாக்டீரியாவின் உணரிப் புரதமான ஹிஸ்டிடின் கைனேஸையும் அதனிடம் செய்தி வாங்கும் கூட்டாளிப் புரதத்தையும் வைத்து இதற்கு வழி காட்டினார்கள். ஜோடி ஜோடியாகப் பார்க்காமல், எல்லா நிரல்களையும் ஒரே கணித மாதிரிக்குள் போட்டு, நேரடி இணைப்பை மட்டும் பிரித்தெடுப்பது. பிறகு வந்த எளிய வடிவத்தில், உடன்மாறல் அணியின் (எது எதோடு எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்ற எண் அட்டவணையின்) நேர்மாறைக் கண்டால் போதும்: அ–இ இடத்தில் மதிப்பு பூஜ்யத்துக்கு அருகே விழுந்துவிடும், அ–ஆ மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஒரு சங்கிலித் தொடர்பை இத்தனை சுத்தமாக அவிழ்க்கும் கணிதம் அரிது.

இரண்டு புரதங்களுக்கும் தலா 100 நிரல்கள் என்றால், 20 அமினோ அமிலங்களோடு அணியின் பக்க அளவு 200 × 20 = 4,000. வரிசைகள் அதைவிடக் குறைந்தால் நேர்மாறே கிடைக்காது. அதனால் எந்த அமினோ அமிலம் எத்தனை முறை வருகிறது என்ற ஒவ்வொரு எண்ணிக்கையிலும் சிறு போலி எண்ணிக்கையைச் சேர்ப்பார்கள். 80 சதவீதத்துக்கு மேல் ஒத்த வரிசைகளைக் கூட்டி ஒன்றாகவே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர்கள் தரும் போலிச் சைகை மேலேறும்.

பெரிய தொல்லை ஜோடி சேர்ப்பது. ஒரே பாக்டீரியாவில் பத்துக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கலாம். எதற்கு எது கூட்டாளி? பெரும்பாலும் இரண்டின் மரபணுக்களும் அடுத்தடுத்து இருக்கும் என்பதே துப்பு. மனித மரபணுக்களில் இந்தத் துப்பு பொதுவாகக் கிடையாது.

நோயே தராத மண் பாக்டீரியாவின் மரபணுவைப் படிக்க ஏன் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வரிசைகள் இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கு ஒன்றுகூட நடக்காது என்பதே என் பதில்.

ஒட்டிய புரதங்களின் வடிவத்தைக் கணிக்க 2021இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு-மல்டிமர் என்ற நிரலும் இந்தத் தடயத்தையே பெரிதும் நம்புகிறது. ஒட்டும் இடத்தை எவ்வளவு உறுதியாகக் கணித்தது என்று சொல்லும் அதன் இடைமுக மதிப்பெண் (ipTM) 0.8க்கு மேல் என்றால் நம்பலாம், 0.6க்குக் கீழே என்றால் அநேகமாகத் தோல்வி. ஆனால் ஒட்டவே ஒட்டாத இரண்டைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு படத்தை வரைந்துதான் தரும். எனவே ஒட்டாது என்று தெரிந்த சில ஜோடிகளையும் கூடவே ஓட்டி, மதிப்பெண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.