அழுத தாயின் கோட்டிசோல் பிள்ளையை எட்டுமா?

மூதூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2020இல் ஊரடங்கு போட்டபோது எனக்கு நாலு மாதம். வீட்டுக்காரர் கொழும்பில் மாட்டுப்பட்டுப் போனார். கிளினிக் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். ராவெல்லாம் அழுதுகொண்டு கிடப்பேன். அந்தப் பிள்ளை இப்ப பாடசாலைக்குப் போறான், ஓரிடத்தில இருக்கிறானில்லை. 'நீ வயித்தில வச்சு அழுததுதான்' என்கிறா மாமி. உண்மையா?"

மாமிக்கான பதிலை முதலில் சொல்லிவிடலாம். ஒரு தனிப் பிள்ளையின் குணத்தைத் தாயின் அழுகையோடு முடிச்சுப் போட எந்தப் பரிசோதனையாலும் முடியாது. கர்ப்பகாலத்தில் கடுமையான அழுத்தம் நீண்ட நாள் தொடர்ந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் சற்றுக் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது ஒரு பெரிய கூட்டத்தின் சராசரி. அந்தக் கூட்டத்துக்குள்ளும் பெரும்பாலான பிள்ளைகள் சாதாரணமாகவே வளர்ந்தார்கள். இந்த வயதுப் பொடியன் ஓடித் திரிய அம்மா அழுதிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வகுப்பாசிரியரும் அதையே முறைப்பாடாகச் சொன்னால் சிறுபிள்ளை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

ஆனால் கேள்விக்குள் இன்னொரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. தாயின் கவலை வயிற்றுக்குள் எந்த வழியால் போகும்? தாயையும் பிள்ளையையும் இணைக்கும் நரம்பு ஒன்றுகூடக் கிடையாது. போவதானால் இரத்தத்தில் கரைந்த ஏதோவொன்றாகத்தான் போக வேண்டும்.

ஓ.எல். விஞ்ஞானம் நினைவிருக்கும். பயம் வந்தால் பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டும், கபச்சுரப்பி அதிரீனல் சுரப்பியைத் தூண்டும், அதிரீனல் கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கும். இரத்தத்தில் வெல்லம் ஏறும், உடம்பு உசாராகும். அழுத்தம் எதுவும் இல்லாத தாயிலேயே பிள்ளைப்பேறு நெருங்கும்போது கோட்டிசோல் வழமையைவிட இரண்டு மூன்று மடங்காகிவிடும். இது கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு, கல மென்சவ்வை இலேசாகக் கடக்கும். வளரும் உறுப்புகளுக்கோ இது மிகையாகக் கிடைத்தால் கேடு, பிள்ளையின் நிறை குறையும். அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டுமே? பிள்ளையின் இரத்தத்தில் கோட்டிசோல் தாயினுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. மீதி எங்கே போனது?

சூல்வித்தகத்தில்தான். பிறந்தபின் அரைக் கிலோ அளவில் ஒரு சிவந்த தட்டாக வெளியே வந்து புதைக்கப்படும் அந்த உறுப்பு, உள்ளே ஆயிரக்கணக்கான சடைமுளைகளாகக் கிளைத்திருக்கும். எல்லாவற்றையும் விரித்தால் பத்துச் சதுர மீற்றருக்கு மேல் வரும். அவற்றின் மேல் போர்த்தியிருக்கும் படைதான் அதிசயம். அங்கே கலங்கள் எல்லை கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கோடிக்கணக்கான கலக் கருக்கள் ஒரே குழியவுருவில் மிதக்கின்றன. தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும் எதுவும் கலங்களுக்கு இடையால் நழுவ இடமில்லை. இந்தப் போர்வைக்கு உள்ளால் போயே ஆக வேண்டும். அதற்குள்ளே காத்திருக்கிறது '11-பீட்டா எச்.எஸ்.டி. 2' என்ற நொதியம்.

அது கோட்டிசோலை உடைப்பதுமில்லை, திருப்பி அனுப்புவதுமில்லை. கோட்டிசோலின் 11ஆம் காபனில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் தொங்குகிறது. நொதியம் அந்த ஐதரசனையும் அதே காபனிலுள்ள இன்னோர் ஐதரசனையும் கழற்றிவிடுகிறது. ஒட்சிசன் அங்கேயே இரட்டைப் பிணைப்பில் நிற்கிறது. அவ்வளவுதான் வேலை. கிடைப்பது கோட்டிசோன். இரண்டு ஐதரசன் அணுக்கள் குறைந்ததால், கலத்தில் ஓமோன் ஒட்டும் இடமான வாங்கியில் அது பொருந்தாது, எந்தக் கலத்துக்கும் கட்டளை கொடுக்காது. கெளுத்தி மீனின் முள்ளை முறித்துவிட்டுக் கூடையில் போடுவதைப் போல: மீன் போகட்டும், குத்தக்கூடாது. நுழையும் கோட்டிசோலில் 80 முதல் 90 சதவீதம் வரை இப்படி முள் முறிந்துதான் பிள்ளையிடம் போகிறது.

இந்தக் கணக்கைப் பெருந்தொற்றில் வைத்தியர்கள் நேரடியாகப் பயன்படுத்தினார்கள். கடுமையான கொரோனாவில், கோட்டிசோலைப் போன்ற ஸ்டீரோயிட் மருந்தான டெக்சாமெதசோன் உயிர் காக்கும் என்று பிரித்தானியாவின் 'ரிக்கவரி' பரிசோதனை 2020 ஜூனில் காட்டியது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், கூடியது 10 நாள். ஆனால் அதே பரிசோதனையில் கர்ப்பிணிகளுக்கு டெக்சாமெதசோனுக்குப் பதிலாகப் பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீரோயிட் 40 மில்லிகிராம் விதிக்கப்பட்டிருந்தது. டெக்சாமெதசோனின் 9ஆம் காபனில் ஒரு புளோரின் அணு இருக்கிறது. அதனால் நமது நொதியத்தால் அதை முடக்க முடியாது. அப்படியே பிள்ளையிடம் போய்விடும். பிரெட்னிசோலோனை நொதியம் பெரும்பாலும் முடக்கிவிடும். மருந்து தாய்க்கு, பிள்ளைக்கு அல்ல. பிள்ளை குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்து இருந்தால் கணக்கு தலைகீழ். நுரையீரல் முதிர ஸ்டீரோயிட் பிள்ளையைச் சேர வேண்டும் என்பதால் அப்போது டெக்சாமெதசோனையே தெரிவார்கள், 6 மில்லிகிராம் ஊசி 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நான்கு. ஓர் அணுவை வைத்து இவ்வளவு விளையாட முடிகிறது!

இந்த நொதியத்தை முடக்கும் பொருள் ஒன்று நம் அடுப்படியில் இருக்கிறது: அதிமதுரம். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், 11-பீட்டா எச்.எஸ்.டி. 2 வேலை செய்யாமல் தடுக்கிறது. சிறுநீரகத்திலும் இதே நொதியம் இருப்பதால் அதிமதுரம் அதிகமானால் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறையும். அதிமதுர இனிப்பை விரும்பிச் சாப்பிடும் பின்லாந்தில், வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள் எட்டு வயதில் மொழி, நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கினார்கள். அவர்களின் கோட்டிசோலும் கூடுதலாக இருந்தது. கர்ப்பிணிகள் அதிமதுரத்தைத் தவிர்க்கும்படி அந்நாட்டு அதிகாரிகள் சொல்கிறார்கள். இருமலுக்கு ஒரு தடவை அவித்துக் குடித்ததற்காகப் பதற வேண்டாம். கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் செய்ததுபோல, 'எதிர்ப்புச் சக்திக்கு' என்று காலையும் மாலையும் வாரக்கணக்கில் குடிப்பதுதான் கூடாது. 2020 டிசம்பரில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முட்டி மோதியதை நாடே பார்த்தது. மூலிகை என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கையைவிட, நூல் கட்டுவதும் தண்ணீர் ஓதிக் குடிப்பதும் எனக்கு எவ்வளவோ மேல். அவை எந்த நொதியத்தையும் தொடுவதில்லை.

காவல் வேறு விதங்களிலும் தளரும். எலிகளில் தாயின் உணவில் புரதம் குறைந்தால் இந்த நொதியம் குறைகிறது. லண்டனில் செய்த ஒரு சிறிய ஆய்வில், பதற்றம் கூடிய தாய்மாரின் சூல்வித்தகத்தில் நொதியத்துக்கான மரபுச் செய்தி குறைவாக இருந்தது. ஆகவே ஒரு ராத்திரி அழுகை பிள்ளையை எட்டாது, மாதக்கணக்கில் தீராத அழுத்தமும் அரைவயிற்றுச் சாப்பாடும் சேர்ந்தால் ஓரளவு எட்டலாம் என்றுதான் இப்போதைக்கு நான் விளங்கிக்கொள்கிறேன். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா தாய்க்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்ற கணக்கு. வேலையில்லாத வீட்டில் அது தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகி எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு போகும். தாய்க்கு மிஞ்சுவது ஓர் உருண்டை. கவலையைத் தீர்க்க முடியாத நாளிலும் அவளுக்கு ஒரு முட்டை, ஒரு துண்டு மீன் என்று எடுத்து வைக்கலாமே.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்றே எல்லோரும் கேட்கிறோம். தாய்க்கு வரும் மனச்சோர்வு தன்னளவிலேயே ஒரு நோய். உலகளவில் கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கும், வளர்ந்துவரும் நாடுகளில் 15.6 சதவீதத்தினருக்கும் மனநலப் பிரச்சினை வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது; அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. பெருந்தொற்று அதன்மேல் புதுச் சுமைகளை ஏற்றியது. 2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு. கடல் தொழிலுக்குப் போக முடியாத வீடுகள். 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தவரைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் தாய் தன் காய்ச்சலை வெளியில் சொல்லத் தயங்க வேறென்ன வேண்டும்?

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. எல்லைப் புள்ளி நாட்டுக்கு நாடு மாறும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் கவனிக்க வேண்டும், 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது பொதுக் கணக்கு. பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் 3 ஆனாலும், அன்றைக்கே அவளை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். இதில் பிழை நேரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கக் கேட்பது. கொரோனாவில் வீட்டு வருகை தொலைபேசி அழைப்பாகச் சுருங்கியபோது, போன் கணவரின் கையில், அதுவும் லவுட் ஸ்பீக்கரில். அதற்கு வரும் புள்ளிக்கு அர்த்தமில்லை. இன்னொன்று, களைப்பும் சோர்வும் இரத்தச்சோகையாலும் தைரொயிட் குறைவாலும் வரும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் முதலில் அதையும் கவனியுங்கள்.

அடுத்தது சிகிச்சை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில், மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளைச் சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களே போய்ப் பார்த்துப் பேசினார்கள். கடைசி மாதத்தில் நாலு தடவை, பிறந்த முதல் மாதத்தில் மூன்று, பின் மாதம் ஒன்றாக ஒன்பது. பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அவர்களில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. இந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் பார்த்த தாய்மாரில் 53 சதவீதம். அவுஸ்திரேலியாவின் 2011 குயின்ஸ்லாந்து வெள்ளத்திலும், கர்ப்பம் முழுக்க ஒரே மருத்துவமாது பார்த்த தாய்மாரின் மனம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கியது. நமக்கு அந்த ஆள் ஏற்கனவே இருக்கிறா: கர்ப்பிணிகள் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிய, ஒழுங்கை ஒழுங்கையாக வரும் மிட்வைஃப் அம்மா. கோடிக்கணக்கில் ஸ்கேன் கருவி வாங்கும் அரசு, அவவின் போனுக்கு ரீலோட் போடவும் ஒரு வீட்டில் அரை மணித்தியாலம் இருந்து பேச நேரம் கொடுக்கவும் பணம் ஒதுக்கினால் கூடப் பலன் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பேச்சால் தீராத மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு. செர்ட்ரலீன் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் அதிகம் தெரிவு செய்யப்படும் ஒன்று, பாலுக்குள் மிகக் குறைவாகவே போகும். வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலன் இல்லையென்று விட்டுவிடக் கூடாது. ஏற்கனவே மாத்திரை குடித்துக்கொண்டிருப்பவர் கர்ப்பம் தெரிந்த அன்றே பயத்தில் நிறுத்துவதும் நடக்கிறது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும், குறைப்பதானால் வைத்தியர் சொல்லும் படியளவில்தான். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.