திரௌபதி கேட்ட கேள்வியும் சொத்துப் பத்திரமும்

"முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? போய்க் கேட்டு வா." சூதில் தருமர் தோற்ற பின், அவைக்கு அழைத்துப் போக வந்தவனிடம் திரௌபதி சொல்லியனுப்பியது இதுதான். தன்னையே தோற்று அடிமையானவனுக்கு உடைமை ஏது? உடைமை இல்லாதவன் எதைப் பணயம் வைப்பான்? எந்தப் பத்திரமானாலும் வழக்கறிஞர் முதலில் தேடுவதும் இதைத்தான்: கையெழுத்திட்ட அன்று, அதைக் கொடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா?

நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன், பிறகு தான், கடைசியில் திரௌபதி. தருமர் பணயம் வைத்த வரிசை இது. தருமம் நுட்பமானது என்று பீஷ்மரே நழுவிய அவையில், கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் எழுந்து நாலு வாதங்களை வைத்தான். சூது வெறியில் செய்தது செல்லாது. அவள் ஐவருக்கும் மனைவி, ஒருவர் மட்டும் வைக்க முடியாது. தன்னைத் தோற்ற பிறகே அவளை வைத்தார். அதுவும் சகுனி தூண்டி வைத்தார்.

முதல் வாதம் இன்று அப்படியே எடுபடாது. ஒப்பந்தச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, அந்த நேரத்தில் செய்வதை விளங்கிக்கொள்ளும் நிலையில் கையெழுத்திட்டவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். தூண்டுதல் என்று சொன்னால் மட்டும் போதாது. 16-ஆம் பிரிவு கேட்பது, ஒருவர் மற்றவரை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து அதைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பதை.

வலுவானது இரண்டாம் வாதம். கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கைத் தாண்டி விற்க முடியாது. பூர்விகச் சொத்தைக் குடும்பத் தலைவர் விற்கலாம். ஆனால் குடும்பத் தேவைக்கோ சொத்தின் நன்மைக்கோ விற்றிருக்க வேண்டும். அந்தத் தேவை இருந்தது, அல்லது தக்கபடி விசாரித்தேன் என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. சூதுக் கடன் குடும்பத் தேவை ஆகாது. தகப்பனின் சூதுக் கடனுக்கு மகன் பொறுப்பல்ல என்று பழைய தரும சாத்திரங்களே விலக்கியிருக்கின்றன! தகப்பன் விற்றதை எதிர்த்து மகன் வழக்குப் போட, வாங்கியவர் சுவாதீனம் எடுத்ததிலிருந்து 12 ஆண்டுகள் உண்டு. 9.9.2005 முதல் மகளும் பிறப்பால் பங்காளி. எனவே வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தக் கூடாது. மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து, பங்குள்ள ஒவ்வொருவரின் கையெழுத்தையும் சரிபார்க்க வேண்டும். மணமாகிப் போன மகளின் பெயரை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

மனைவி பெயரில் இருப்பதைத் தன் கடனுக்கு எழுதிக்கொடுக்கக் கணவனுக்கு உரிமை கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 14-ஆம் பிரிவு அதை அவளுக்கு முழு உரிமையாக்குகிறது. சீதன நகையில் கணவன் கூட்டு உரிமையாளர் அல்ல என்று 1985-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது (ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவு). அதனாலேயே சூதுக் கடன் பெரும்பாலும் கைமாற்றுக் கடன் வேடத்தில், புரோநோட்டாக வரும். புரோநோட்டில் கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால், பணம் கைமாறியதாகவே சட்டம் முதலில் ஊகிக்கும். இல்லையென்று காட்டும் சுமை கையெழுத்திட்டவர் தலையில். வெற்று நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போடட்டும்.

திரௌபதியின் கேள்விக்கு அவையில் தீர்ப்பே வரவில்லை. திருதராட்டிரன் வரம் கொடுத்துச் சமாதானம் செய்தான்; தோற்றதெல்லாம் திரும்பியது. தீராத வழக்கு உடனே மறு சூதாக வந்தது, 12 ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் என்று. பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த பாகப்பிரிவினையும் இப்படித்தான் திரும்ப வருகிறது. சாதாரணத் தாளில் பங்கைப் பிரித்து எழுதிய கூர்சீட்டு, முத்திரைக் கட்டணமும் பதிவும் இல்லாமல் நீதிமன்றத்தில் பங்கை நிரூபிக்க உதவாது. பேசி முடித்ததும் பாகப்பிரிவினைப் பத்திரமாகவோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகவோ எழுதி, மகள்களும் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.