பெருங்குளத்துக்குக் கூரை போட்டது யார்?

விஆர் கண்ணாடி (மாட்டினால் கணினியில் உருவாக்கிய இடத்துக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் மெய்நிகர் கருவி) விற்கப் பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "சார், பிள்ளைங்க நேர்ல போய்ப் பார்த்த மாதிரியே இருக்கும்." எனக்கு உதைப்பதே அந்த இடத்தில்தான்.

சமூக அறிவியல் ஆசிரியனாக அந்தக் கருவிமேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. சிந்துவெளி நகரமான மொஹஞ்சதாரோவின் பெருங்குளம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம் என்று போர்டில் எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள், பரீட்சையோடு அது போய்விடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குளத்தின் அடித்தளத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கோ, கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில் விளிம்பு இருப்பது உடனே தெரிகிறது, உடனே கேள்வியும் வருகிறது: "இவ்ளோ தண்ணி கசியாம எப்படி சார் நின்னுச்சு?" செங்கல்லை இடைவெளி இல்லாமல் அடுக்கி, ஜிப்சம் சாந்து வைத்து, சுவருக்குப் பின்னால் இயற்கைத் தார் பூசியிருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் சொல்லிப் பாருங்கள், மண்டையில் நிற்கும். இதைப் புத்தகத்தில் இருக்கும் சின்னப் படத்தால் செய்ய முடியாது.

சரி, சிக்கல் எங்கே? நான் பார்த்த ஒரு டெமோவில் குளத்தைச் சுற்றி மாடிகள், செதுக்கிய மரத்தூண்கள், வண்ணம் அடித்த சுவர்கள் எல்லாம் இருந்தன. படிக்கட்டில் பூப்போட்ட சால்வை போர்த்திய ஒரு தாடிக்காரர், கூடவே வேலையாட்கள். கண்ணாடியைக் கழற்றிய மாணவி சொன்ன முதல் வார்த்தை, "ராஜாவைப் பார்த்தேன் சார்." அந்தத் தாடிக்காரர் யாரென்று பார்த்தால், மொஹஞ்சதாரோவில் கிடைத்த, 17.5 சென்டிமீட்டர் உயரமே உள்ள, உடைந்த ஒரு மாக்கல் சிலை. 'பூசாரி அரசர்' என்பது அகழாய்வு செய்தவர்கள் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் பூசாரி என்பதற்கும் சான்று கிடையாது, அரசர் என்பதற்கும் கிடையாது. அந்த மக்களின் எழுத்தையே இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை. சிந்துவெளியில் அரசர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே ஆய்வாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம். அதை மூன்று நிமிட வீடியோ முடித்து வைத்துவிட்டது.

புத்தகப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது யாரோ வரைந்தது என்பது தெரியும். விஆரில் தோண்டி எடுத்த செங்கலும் கணினியில் போட்ட கூரையும் ஒரே பளபளப்பில், ஒரே வெயிலில் தெரிகின்றன. எது கிடைத்தது, எது ஊகம் என்ற கோடு அழிந்துபோகிறது. வரலாற்றுப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே அந்தக் கோட்டைத்தான்.

அதனால் நான் விஆர் காட்சியைப் பாதியில் நிறுத்திவிடுவேன். நோட்டில் மூன்று பத்தி: கிடைத்தது, கணித்தது, கற்பனை. குளமும் இரு பக்கப் படிகளும் முதல் பத்தி. மேல்மாடி? மொஹஞ்சதாரோ வீடுகளில் மேலே போகும் படிக்கட்டுகளின் அடிப்பகுதி கிடைத்திருக்கிறது, அதனால் மாடி இருந்திருக்கும் என்பது நியாயமான கணிப்பு, இரண்டாவது பத்தி. சுவரின் நீல வண்ணம் மூன்றாவது. தாடிக்காரரை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வரும், அந்தச் சண்டைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இதற்கு நல்ல துணை கீழடி. அங்கே மேற்கூரை முழுசாக நிற்கவில்லைதான், ஆனால் கூரை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. ஓட்டில் விரலால் இழுத்த வரிப்பள்ளங்கள், கட்டுவதற்கு ஓட்டைகள். ஆக, கீழடி வீட்டுக்கு ஓட்டுக் கூரை போட்டு ஒருவர் விஆர் செய்தால் அதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது. பெருங்குளத்துத் தூணில் செதுக்கிய பூவேலைக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, இனி எந்த வரலாற்றுச் சினிமாவையும் சும்மா பார்க்காது (வீட்டில் அப்பா அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை).

உடம்பு விஷயமும் கொஞ்சம். கண் நடப்பதாகச் சொல்லும், உள்காது உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும், அதில்தான் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. உட்கார வைத்தே காட்டுங்கள், ஐந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். வலிப்பு உள்ள பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேளுங்கள். மெட்ராஸ் ஐ பரவும் சீசனில் ஒரே கண்ணாடியை வகுப்பு முழுக்க மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். மெட்டா நிறுவனமே தன் குவெஸ்ட் கருவிக்கு 10 வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது, தொடக்கப் பள்ளிக்கு விற்க வந்தால் அதைக் கேளுங்கள்.

அப்புறம், வாங்குவதற்கு முன் ஒன்று. பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் மீட்டுருவாக்குவதற்கென்றே 'லண்டன் சாசனம்' என்று ஒன்று 2006 முதல் இருக்கிறது. எது சான்று, எது ஊகம், எந்த அடிப்படையில் என்பதைப் பதிவு செய்து வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். விற்க வருபவரிடம் இவ்வளவு கேட்டால் போதும்: "ஊகத்தில் சேர்த்ததை எல்லாம் ஒரு பட்டனில் எடுத்துவிட்டு, இன்று இருக்கும் இடிபாட்டை மட்டும் காட்ட முடியுமா? ஆலோசனை சொன்ன தொல்லியலாளர் யார்?" இதற்குப் பதில் வராமல், "கிராஃபிக்ஸ் சூப்பரா இருக்கும் சார்" என்று மறுபடி ஆரம்பித்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம். மதுரைப் பக்கத்துப் பள்ளி என்றால் அந்தப் பணத்துக்குப் பல வருடம் கீழடி அருங்காட்சியகத்துக்குப் பஸ் பிடிக்கலாம், அந்த ஓடுகளை நிஜமாகவே நேரில் பார்க்கலாம்.