பற்றரி சாகுமுன் கார்டைப் படியுங்கள்

தொண்ணூறுகளில் கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோர்ட் வாசித்தவர்களின் பழைய பெட்டிகளைக் கிளறினால், வங்கி அட்டை அளவில், அதைவிடக் கொஞ்சம் தடிப்பாக ஒரு பிளாஸ்டிக் அட்டை கிடைக்கலாம். ரோலன்ட் டி-50, கோர்க் எம்1 போன்ற சின்தசைசர்களின் மெமரி கார்ட் அது. இரவிரவாக இருந்து உருவாக்கிய நாதஸ்வரமும் ஆர்மோனியமும் அதற்குள் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் அதற்குள் சத்தம் என்று எதுவும் இல்லை.

டி-50 வெளிவந்தது 1987இல். அப்போது மெமரி சிப் விலை கூடிய சாமான். ஒரு வாத்தியத்தின் ஒலியை முழுதாகப் பதிந்து வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் ரோலன்ட் ஒரு குறுக்குவழி கண்டது. புல்லாங்குழலில் முதலில் வரும் காற்றுச் சத்தம், கம்பியைத் தட்டும் அந்த முதல் அடி என, நம் காது வாத்தியத்தை அடையாளம் காண உதவும் தொடக்கத் துண்டுகள் போன்ற குறுகிய பதிவுகளை மட்டும் கருவிக்குள்ளேயே நிரந்தரச் சிப்பில் வைத்தது. அதற்குப் பின் நீளும் ஒலியைச் சின்தசைசரே உருவாக்கிக்கொள்ளும். எந்தத் துண்டு, ஃபில்டர் எவ்வளவு திறக்க வேண்டும், ஒலி எவ்வளவு வேகத்தில் அடங்க வேண்டும், கோரஸ் எவ்வளவு என்பதெல்லாம் வெறும் எண்கள். ஒரு பேட்சுக்கு, அதாவது ஒரு ஒலிக்கான எண்களின் தொகுப்புக்கு, 448 பைட். கார்டில் 64 பேட்ச்.

ஸ்வரப்படுத்தி எழுதிய கொப்பியைப் போன்றது கார்ட். பாடகர் கருவிக்குள் இருக்கிறார். ஆகவே மீட்பது என்றால் எண்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிழையில்லாமல் கொண்டுபோவது, அவ்வளவுதான். சிக்கல் அந்த எண்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது.

அவை இருப்பது ஸ்டாடிக் ரேம் என்ற வகைச் சிப்பில். ஒவ்வொரு பிட்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கும் ஒரு சோடி ட்ரான்ஸிஸ்டர்களின் நிலை. ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். மின்சாரம் இருக்கும்வரை அந்த நிலை மாறாது, போய்விட்டால் நிலையும் போய்விடும். டி-50இன் எம்-256டி கார்டில் 256 கிலோபிட், அதாவது 32 கிலோபைட் இருக்கிறது. அதை விழித்திருக்க வைப்பது ஒரு சின்னஞ்சிறு லித்தியம் பற்றரி. சும்மா இருக்கும் சிப் மிகக் குறைவாகவே மின்சாரம் குடிக்கும். 90 மில்லிஆம்பியர்-மணி கொண்ட ஒரு நாணயப் பற்றரியில் இருந்து 1 மைக்ரோஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி 90,000 மணித்தியாலம் வரும், பத்து ஆண்டுக்கு மேல். ஆனால் பற்றரி தானாகவும் வடியும், சூடு கூடக் கூட வேகமாக வடியும். கடற்கரையோர வீடென்றால் உப்புக்காற்று தொடுமுனைகளில் பச்சை பிடிக்க வைக்கும். அப்படிப் பிடித்த கார்டில் பற்றரி நன்றாக இருந்தும் சிப்புக்கு மின்சாரம் போய்ச் சேராது.

பற்றரி ஒரே நாளில் செத்துப்போவதில்லை என்பது முக்கியம். மின்னழுத்தம் மெதுவாக இறங்கும். இந்த வகைச் சிப்புகள் பொதுவாக 2 வோல்ட் வரை தகவலைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே போனதும் எல்லாப் பிட்டும் ஒன்றாக விழாது. தயாரிப்பில் ஒவ்வொன்றும் நுண்ணளவில் வேறுபட்டிருப்பதால், பலவீனமானவை முதலில் புரளும். அதனால்தான் சில கார்டுகளில் பாதிப் பேட்சுகள் ஒழுங்காகவும், ஒன்றிரண்டு பெயரில் குப்பை எழுத்தோடும், ஒன்று ஊளையிடும் சத்தத்தோடும் வரும். முழுதாகத் தளர்ந்த பின் திரும்ப மின்சாரம் கொடுத்தால், சிப்பில் தெரிவது அதன் சொந்தச் சாய்வுதான், யாருடைய நாதஸ்வரமும் அல்ல.

ஆகவே பற்றரியைக் கழற்றிப் பார்ப்பதுதான் செய்யக்கூடாத முதல் வேலை.

அடுத்தது கருவி. ஜப்பானில் பாவித்து இங்கே வந்த சின்தசைசர் என்றால் பின்பக்கத்து எழுத்தை முதலில் வாசியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. மாற்றி இல்லாமல் நேரே செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம், கார்டில் உள்ளதைக் கருவியின் உள்மெமரிக்கு மாற்றும்போது அங்கே ஏற்கனவே இருப்பவை அழியும். அதனால் உள்மெமரியை முதலில் பிரதி எடுங்கள். கார்டின் பாதுகாப்பு ஸ்விட்சை எழுத முடியாத பக்கத்தில் வையுங்கள். கருவி கார்டை 'ஃபோர்மட்' செய்யவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, எண்கள் கணினிக்குப் போவது மின்னிசைக் கருவிகள் தகவல் பரிமாறும் மிடி வயர் வழியாக. 1983இல் வந்த அந்த முறை வினாடிக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு பைட்டுக்குத் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட் என்பதால் வினாடிக்கு 3,125 பைட். டி-50இன் முழுப் பிரதி 36,048 பைட், பொதி பொதியாகப் போகும், கணக்குப்படி பன்னிரண்டு வினாடி வேலை. ஒவ்வொரு பொதியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். முன்னால் வந்த எண்களைக் கூட்டி, அதன் கடைசி ஏழு பிட்டை 128இலிருந்து கழித்துக் கிடைப்பது. வழியில் ஒரு எண் மாறினால் கணக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டு எண்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே! அதனால் சரிபார்ப்பை மட்டும் நம்பாமல் இரண்டு தடவை எடுத்து, இரண்டு ஃபைலையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவது நல்லது. மலிவான யுஎஸ்பி மிடி வயர்கள் சுரங்களை ஒழுங்காகக் கடத்தினாலும், இப்படி நீளமான பொதி வந்தால் நடுவில் விழுங்கிவிடலாம்.

கருவியே இல்லையென்றால் வேலை சுவையாகிறது. 32 கிலோபைட் சிப்புக்கு 15 முகவரிக் கம்பிகளும் 8 தரவுக் கம்பிகளும் இருக்கும். ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒற்றைச் சிப் கணினி, முகவரிகளை 0இலிருந்து 32,767 வரை வரிசையாகக் கேட்டு, வரும் பதிலை எழுதிக்கொள்ளும். எழுதும் கம்பியை எப்போதும் 'எழுதாதே' நிலையிலேயே கட்டி வைக்க வேண்டும். மின்சாரம் ஏறும் கணத்திலும் இறங்கும் கணத்திலும் சிப்பைச் செயற்படச் சொல்லும் 'சிப் தேர்வு'க் கம்பி செயலற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிக்கப்போன நாமே அழித்துவிடுவோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பலகை வடிவமைத்தவர் வசதிக்காகக் கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருக்கலாம். கருவியும் அதே வழியில் எழுதி அதே வழியில் படிப்பதால் அதற்கு வித்தியாசம் தெரியாது. வெளியில் இருந்து படிக்கும் நமக்குத்தான் எல்லாம் கலைந்து வரும். தரவுக் கம்பிகள் எட்டையும் 40,320 விதமாக அடுக்கலாம், கணினிக்கு அது பெரிய வேலையில்லை. எது சரியான அடுக்கு என்று காட்டிக்கொடுப்பது பேட்சுகளின் பெயர்கள். யமஹா டிஎக்ஸ்7 என்ற சின்தசைசரில் ஒரு குரலுக்கு (பேட்சுக்கு யமஹா வைத்த பெயர்) 128 பைட், அதில் கடைசிப் பத்தும் பெயர். அதனால் 128க்கு ஒரு தடவை வாசிக்கக்கூடிய சொல் வரவேண்டும். டி-50இல் இந்தத் தந்திரம் நேரடியாகப் பலிக்காது. அது கணினியின் வழமையான எழுத்துக் குறியீட்டைப் பாவிப்பதில்லை. 0 இடைவெளி, 1 முதல் 26 வரை ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 27இலிருந்து சிறியவை. இது தெரியாமல் தேடுகிறவர், உயிரோடு இருக்கும் கார்டைச் செத்தது என்று முடிவு கட்டிவிடுவார்.

கிடைத்த ஃபைலை வாசிக்க இப்போது வழி இருக்கிறது. 2017இல் வந்த ரோலன்டின் சிறிய டி-05 பழைய டி-50 பேட்சுகளை ஏற்கும். டிஎக்ஸ்7 என்றால் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் போதும்.

பற்றரியை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு. கார்டைக் கருவியில் செருகி, கருவியை ஓன் செய்து வைத்தால், பல கார்டுகளில் சிப்புக்கு ஸ்லாட் வழியே மின்சாரம் வரும். அந்த நேரத்தில் பழைய பற்றரியை எடுத்து, தொடுமுனையை ஐசோபுரொப்பில் அல்ககோலால் துடைத்து, காய்ந்ததும் புதியதைப் போடுங்கள். பிறகு கார்டை வெளியே எடுத்து ஒரு இரவு வைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். பெயர்கள் அப்படியே வந்தால் பற்றரி பிடித்துக்கொண்டது. வராவிட்டால் ஃபைலில் இருந்து திரும்ப எழுதலாம்.