கல் ஏன் வருகிறது? கேனில் பிடித்துப் பார்க்கலாம்

மூன்றாவது முறையாகக் கிட்னியில் கல் வந்தபோதுதான் என் மாமாவிடம் டாக்டர் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் 11 வருடத்தில் இரண்டு கல். ஒன்று தானாக வெளியே வந்தது, இன்னொன்றை லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்பதை ஸ்கேன் சொல்லிவிட்டது. ஏன் வருகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. லேபில் 5 லிட்டர் கேன் ஒன்றைக் கையில் கொடுத்தபோது மாமா என்னைப் பார்த்தார், "இத்தனையும் நான் ரொப்பணுமாடா?"

ரொப்ப வேண்டியதில்லை, ஆனால் ஒரு துளி விடக் கூடாது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடிக்காமல் விட்டுவிட்டு (அது நேற்றிரவுக் கணக்கு) மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் பகல், இரவு என்று எத்தனை முறை போனாலும் அத்தனையும் கேனுக்குள். மறுநாள் காலை அதே நேரத்துக்குப் போவதையும் சேர்த்தால் கணக்கு முடிந்தது. கேன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்க அத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டில் வைத்துச் சமாளித்தோம். சில லேப்களில் கேனின் அடியில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றித் தருவார்கள், கால்சியமும் ஆக்சலேட்டும் (பெரும்பாலான கல் இவை இரண்டும் சேர்ந்ததுதான்) கேனுக்குள்ளேயே படிந்துவிடாமல் கரைந்தே இருப்பதற்காக. அதனால் நேராக கேனில் போகாமல் மக்கில் பிடித்து ஊற்றுங்கள். அதே ஆசிட்டில் யூரிக் ஆசிட் படிந்துவிடும் என்பதால் அதற்கும் பிஎச் (அமிலத்தன்மை) அளவுக்கும் ஆசிட் இல்லாமல் தனியாகப் பிடிக்கச் சொல்வார்கள்.

எதற்கு ஒரு நாள் முழுக்க? சிறுநீர் மணிக்கு மணி மாறும். ஊறுகாயோடு சாப்பிட்ட மதியம் ஒரு மாதிரி, தண்ணீரே குடிக்காமல் தூங்கிய இரவு வேறு மாதிரி. ஒரு சின்ன டப்பாவில் பிடித்தால் அந்த ஒரு வேளையின் செய்தி மட்டும்தான் கிடைக்கும்.

கல் எப்படி உருவாகிறது என்பதற்குக் கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பாகை நன்றாகக் காய்ச்சி, நூலைத் தொங்கவிட்டுச் சில நாள் அசைக்காமல் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். பள்ளியில் படித்த அதிதெவிட்டிய கரைசல்தான், கரைய வேண்டியதற்கு மேல் கரைந்திருக்கிறது, ஏறி உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். சிறுநீரும் அப்படித்தான். கல்லே வராத ஆளின் சிறுநீரிலும் கால்சியம் ஆக்சலேட் பெரும்பாலும் தெவிட்டு நிலையைத் தாண்டித்தான் இருக்கிறது. நூலின் வேலையைச் செய்ய, கிட்னிக்குள் சிறுநீர் சொட்டும் முனைகளில் சிலருக்குக் கால்சியம் பாஸ்பேட் திட்டு படிந்திருக்கும், 1937-ல் அலெக்சாண்டர் ராண்டால் விவரித்தது அது. இத்தனை இருந்தும் எல்லோருக்கும் கல் வராததற்கு ஒரு காரணம் சிட்ரேட். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, படிகம் வளர்வதையும் தடுக்கிறது.

ஆக, பாகு எவ்வளவு கெட்டி, அதில் என்னென்ன எவ்வளவு, தடுப்பவை போதுமா, இதைத்தான் லேப் அளக்கிறது. மாமாவின் ரிப்போர்ட்டில் மொத்த அளவு 1.1 லிட்டர். கல் வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.5 லிட்டராவது சிறுநீர் போக வேண்டும் என்பது கணக்கு. "நான் மூணு லிட்டர் குடிக்கிறேனே" என்றார். குடித்திருக்கலாம், சித்திரை வெயிலில் பாதி வேர்வையாகப் போயிருக்கும். இத்தாலியில் முதல் கல் வந்த 199 பேரை 5 வருடம் கவனித்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன குழுவில் 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது, மற்ற குழுவில் 27 சதவீதம்.

அடுத்து சோடியம். மாமாவுக்கு 215 மில்லிமோல், அதாவது சுமார் 12.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள். உப்பு கம்மியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிடலாம், ஆனால் சாப்பிட்ட சோடியத்தில் பெரும்பங்கு சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால் கேன் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிடும். உப்புக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கிட்னி சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. மாமாவின் கால்சியம் 290 மில்லிகிராம். இத்தனைக்கும் மூன்று வருடமாகப் பால், தயிர் தொடாதவர்!

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கல்லில் கால்சியம் இருக்கிறது, அதனால் பாலை நிறுத்து என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாட்ஸ்அப் வரை எல்லோரும் சொல்கிறார்கள். குடலில் நடப்பது வேறு. சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் அது அங்கேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கால்சியத்தை வெட்டினால் பிடிக்க ஆளில்லாத ஆக்சலேட் ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் வந்து சேரும். 40, 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது மாமாவுக்கு 52. இத்தாலியின் பார்மா நகரத்தில் லோரிஸ் போர்கி குழுவினர் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து 5 வருடம் பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியம் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் விட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 12 பேருக்குத்தான். தக்காளியும் பாவம், இப்படித்தான் பழி சுமக்கிறது, அதில் ஆக்சலேட் குறைவு. பாலக் கீரையில்தான் மிக அதிகம். பாதாமும் முந்திரியும் கை நிறையச் சாப்பிடுகிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

சில சமயம் இந்தக் கேன் கல்லைத் தாண்டி வேறு வியாதியைக் காட்டிக்கொடுக்கும். பிஎச் 5.5-க்குக் கீழேயே நின்றால் யூரிக் ஆசிட் கரையாமல் படியும். சர்க்கரை வியாதியும் தொப்பையும் உள்ளவர்களிடம் இது அதிகம், இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கிட்னி போதிய அம்மோனியா தயாரிக்காமல் சிறுநீர் அமிலமாகவே இருக்கிறது. ஒரு நல்ல செய்தி, இந்த வகைக் கல்லை மருந்து கொடுத்து பிஎச்சை ஏற்றியே கரைத்துவிடலாம். கால்சியம் ஆக்சலேட் கல்லில் அது நடக்காது. கால்சியம் மிக அதிகமாக வந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியையும் சோதிப்பார்கள். சின்னக் குழந்தைக்கு ஆக்சலேட் எக்கச்சக்கமாக வந்தால் கல்லீரலில் ஒரு நொதி பிறவியிலேயே குறைபட்டிருக்கலாம், அதற்கு 2020-ல்தான் லூமசிரான் என்ற மருந்து வந்தது.

சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தால் வரும் கல் இன்னொரு கதை. லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1908-ல் பிறவி வளர்சிதைமாற்றக் குறைகள் என்ற கருத்தை விரிவாகப் பேசியபோது எடுத்துக்கொண்ட நான்கு நோய்களில் சிஸ்டின்யூரியாவும் ஒன்று. கிட்னி திரும்ப உறிஞ்ச வேண்டிய நான்கு அமினோ அமிலங்கள் சிறுநீரில் போய்விடுகின்றன. மற்ற மூன்றும் கரைந்துவிடும், சிஸ்டின் மட்டும் லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராமுக்கு மேல் கரையாது. மைக்ரோஸ்கோப்பில் அறுகோணப் படிகம் தெரிந்தால் சந்தேகமே இல்லை, அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கும் சோதிக்க வேண்டும். (சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளி விட்டு அது பரவுவதைப் பார்க்கும் நெய்க்குறி நம் சித்த மருத்துவத்தில் உண்டு. சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது நமக்கொன்றும் புதிதில்லை.)

சரி, ஒரு தடவை பிடிக்க மறந்துவிட்டால்? லேபுக்குத் தெரிந்துவிடும். தசையிலிருந்து வரும் கிரியாட்டினின் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் போகும், ஆணுக்கு எடையில் கிலோவுக்கு 18 முதல் 24 மில்லிகிராம் வரை. 70 கிலோ ஆளுக்கு 700 என்று வந்தால் பாதி சிறுநீர் கேனுக்கு வரவேயில்லை. இன்னொரு விஷயம், வலியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். எல்லாம் அடங்கிச் சில வாரம் கழித்து, வழக்கமான சாப்பாட்டோடு செய்யுங்கள். அன்று ஒரு நாள் மட்டும் பத்தியம் இருந்தால் ரிப்போர்ட் அழகாக வரும், அவ்வளவுதான்.

மாமா தயிருக்குத் திரும்பினார், அப்பளமும் ஊறுகாயும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயின. மூன்று மாதம் கழித்துப் பிடித்த இரண்டாவது கேனில் 2.4 லிட்டர், சோடியம் 140, ஆக்சலேட் 36. சிட்ரேட் மட்டும் இருக்க வேண்டிய 320 மில்லிகிராமைத் தொடாமல் 260-லேயே நின்றதால் பொட்டாசியம் சிட்ரேட் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் ருசியைப் பற்றித்தான் இப்போது தினமும் போன் வருகிறது.