மூன்று இறக்கைகளின் கணக்கு

முதல் உலகப்போரில் பறந்த சிவப்பு நிற ஜெர்மானிய விமானத்தின் படத்தை அனுப்பிய வாசகர் ஒருவர், ஓர் இறக்கையைவிட மூன்று இறக்கைகள் மூன்று மடங்கு எடையைத் தூக்கும் அல்லவா, அப்படியானால் இன்றைய விமானங்களுக்கு ஏன் மூன்று இறக்கைகள் இல்லை என்று கேட்டிருந்தார். மூவிறக்கை விமானம் மூன்று மடங்கு தூக்கவில்லை; அதிகம் தூக்குவதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. அதன் கதையை முதலில் இங்கிலாந்திலிருந்தும் பிறகு ஜெர்மனியிலிருந்தும் சொல்ல வேண்டும்.

1916ஆம் ஆண்டில் சோப்வித் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் ஸ்மித், தம்முடைய வெற்றிகரமான ஈரிறக்கைப் போர் விமானமான 'பப்'பை அடுத்து ஒரு புதிய மூவிறக்கை விமானத்தை வரைந்தார். அதன் முதல் மாதிரியை அவ்வாண்டு மே 28 அன்று ஹாரி ஹாக்கர் ஓட்டினார். தரையிலிருந்து எழும்பிய மூன்று நிமிடங்களுக்குள் அவர் அதை வானில் அடுத்தடுத்து மூன்று முறை குட்டிக்கரணம் அடிக்கச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. புதிய வடிவத்தின் மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

இரு விமானங்களின் அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஸ்மித்தின் எண்ணம் புரியும். இரண்டிலும் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையிலான நீளம் 8.08 மீட்டர்தான். பப்பின் இறக்கை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சுமார் 1.56 மீட்டர் அகலம் கொண்டது. மூவிறக்கை விமானத்தின் இறக்கையோ 1 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மொத்தப் பரப்பைக் கூட்டினால், இரண்டு இறக்கைகள் கொண்ட பப்பில் ஏறத்தாழ 23.6 சதுர மீட்டரும், மூன்று கொண்டதில் 21.5 சதுர மீட்டரும் வருகின்றன. அதாவது இறக்கையின் எண்ணிக்கை கூடியபோது பரப்பு குறைந்திருக்கிறது. இறக்கைகள் குறுகலாக இருந்ததால் அவை விமானியின் பார்வையை அதிகம் மறைக்கவில்லை; நடு இறக்கை அவருடைய கண் மட்டத்தில் அமைந்ததால் அதன் மெல்லிய விளிம்பு மட்டுமே குறுக்கே நின்றது. மூன்று இறக்கைகளிலும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க உதவும் அசையும் தகடுகளான ஐலெரான்கள் பொருத்தப்பட்டதால் விமானம் விரைவாகப் புரண்டது. இவை பயனுள்ள ஆதாயங்கள். ஆயினும் என்னை வியப்பில் ஆழ்த்துவது இறக்கை நுனியில் நடப்பதுதான்.

இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருப்பதால் விமானம் மேலெழும்புகிறது என்பது பள்ளியில் படித்ததே. ஆனால் இறக்கை ஓரிடத்தில் முடிந்தாக வேண்டும். அந்த முடிவில், வரப்பு உடைந்த இடத்தைத் தேடிப் பாயும் வயல்நீரைப் போல, கீழேயுள்ள அழுத்தம் மிகுந்த காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே பாய்கிறது. விமானம் முன்னே சென்றுகொண்டே இருப்பதால், இப்பாய்ச்சல் இரு நுனிகளுக்கும் பின்னால் இரண்டு நீண்ட சுழல்களாக நீள்கிறது. இச்சுழல்கள் இறக்கையின் மீது வரும் காற்றைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பிவிடுகின்றன. அதனால் தூக்குவிசை நேர் மேலாக நில்லாமல் சிறிது பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்வே விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையாகிறது. காற்றில் மிதப்பதற்காக விமானம் கட்டித் தீர வேண்டிய வரி இது.

இந்த வரியின் கணக்கு அழகானது. ஒரே நீளமுள்ள இறக்கை இரு மடங்கு எடையைச் சுமந்தால், வரி இரு மடங்காக அல்ல, நான்கு மடங்காகிறது. அதையே திருப்பிப் பார்த்தால், ஓர் இறக்கையின் சுமையை அதே நீளமுள்ள மூன்று இறக்கைகளுக்குச் சமமாகப் பங்கிடும்போது ஒவ்வொன்றும் ஒன்பதில் ஒரு பங்கு வரியை மட்டும் கட்டும்; மூன்றையும் கூட்டினால் பழைய வரியில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு இறக்கைகளுக்குப் பங்கிட்டிருந்தால் அது பாதியாக நின்றிருக்கும். இவ்வளவு ஆதாயமும் முழுமையாகக் கிடைக்க வேண்டுமென்றால் மூன்று இறக்கைகளும் ஒன்றையொன்று அறியாத தொலைவில் இருக்க வேண்டும். ஒரே உடலில் ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும்போது, ஒன்றின் காற்றோட்டம் மற்றொன்றைக் கலைத்து, ஆதாயத்தின் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எஞ்சுவது சிறிதளவுதான்.

அந்தச் சிறிதளவும் எங்கே பயன்பட்டது என்பதில்தான் மூவிறக்கை விமானத்தின் சிறப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. நுனிச்சுழல் தரும் இழுவை, வேகம் குறைந்திருக்கும்போதும், காற்று மெலிந்த உயரங்களிலும்தான் மிகுதியாக இருக்கும். விமானம் உயரம் ஏறுவதும் அத்தகைய குறைந்த வேகத்தில்தான். எனவே 130 குதிரைத்திறன் கொண்ட கிளெர்ஜே எஞ்சினுடன் சோப்வித் விமானம் மிக விரைவாக ஏறியது. 6,000 மீட்டருக்கும் மேலே சென்றது. உயரத்தில் இருப்பவருக்கே சண்டையைத் தொடங்கவும் தவிர்க்கவும் உரிமை இருந்த காலம் அது. 1917 கோடையில் பிரிட்டிஷ் கடற்படையின் வான்பிரிவைச் சேர்ந்த ரேமண்ட் காலிஷாவின் தலைமையில், கறுப்பு வண்ணம் தீட்டிய இவ்விமானங்களில் பறந்த கனடா நாட்டு விமானிகள் மூன்று மாதங்களில் 87 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தார்கள். இத்தனைக்கும் இவ்வகையில் மொத்தமாகக் கட்டப்பட்டவை 150ஐக்கூட எட்டவில்லை.

இதைக் கண்டு ஜெர்மனியில் பல நிறுவனங்கள் மூவிறக்கை வடிவத்தின் மீது பாய்ந்தன. 1917 ஏப்ரலில் விமானத் தயாரிப்பாளர் ஆன்டனி ஃபோக்கர் போர்முனைக்குச் சென்றபோது பிடிபட்ட சோப்வித் விமானம் ஒன்றைப் பார்த்தார். ஆனால் அவருடைய தொழிற்சாலையில் ரைன்ஹோல்ட் பிளாட்ஸ் வடிவமைத்த விமானத்தை நகல் என்று சொல்வது அநியாயம். சோப்வித்தின் மெல்லிய இறக்கைகளைக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன. பிளாட்ஸின் இறக்கைகளோ தடித்தவை. அவற்றின் உள்ளே பெட்டி வடிவில் அமைந்த மர உத்தரம் ஒன்றே வளைவையும் முறுக்கையும் தாங்கியதால், இறக்கைகளுக்கிடையே இழுகம்பிகள் தேவைப்படவில்லை. முதல் மாதிரியில் இறக்கைகளை இணைக்கும் தாங்கிகள்கூட இல்லை; நுனிகள் அதிர்ந்ததால் பிறகு பக்கத்துக்கு ஒன்று வீதம் சேர்க்கப்பட்டன. தடித்த இறக்கைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மூக்கை நன்றாக உயர்த்தினாலும் காற்று அதன் மேற்பரப்பைவிட்டு எளிதில் பிரியாது. சக்கரங்களை இணைக்கும் அச்சைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. அதையும் ஒரு குட்டி இறக்கையாக வடித்து மூடினார்கள்.

ஃபோக்கர் டி.ஆர்.1 என்று பின்னர் பெயர்பெற்ற இவ்விமானத்தின் முதல் இரண்டு பிரதிகள் 1917 ஆகஸ்ட் இறுதியில் பெல்ஜியத்திலிருந்த போர்முனையை அடைந்தன. சிவப்பு விமானத்தால் புகழ்பெற்ற ஜெர்மானிய விமானி மான்ஃப்ரெட் ஃபான் ரிக்தோஃபனின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டுவிட்டாலும், அவருடைய 80 வெற்றிகளில் 19 மட்டுமே இதில் கிடைத்தவை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பெரும்பாலானவற்றை அவர் அல்பட்ராஸ் ஈரிறக்கை விமானங்களில் பெற்றார்.

அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று ஹைன்ரிக் கோன்டர்மன் என்ற அனுபவமிக்க விமானி வித்தைகள் செய்துகொண்டிருந்தபோது விமானத்தின் மேலிறக்கை சிதைந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. மறுநாளும் இன்னொரு விமானி இதே வகையில் இறந்தார். எல்லா மூவிறக்கை விமானங்களும் தரையில் நிறுத்தப்பட்டன. இறக்கைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் மோசமான ஒட்டுவேலையையும், வார்னிஷ் சரியாகப் பூசப்படாமல் ஈரம் புகுந்திருந்ததையும் கண்டார்கள். ஃபோக்கர் தம் செலவில் திருத்தங்களைச் செய்தார். இருந்தும் 1918இல் மேலிறக்கை மீண்டும் சில விமானங்களில் உடைந்தது.

கைவேலையின் குறை உண்மையானதே. ஆனால் அது முழுக் காரணமல்ல. முன்னே சொன்ன அதே காற்றுக் கலப்பு இங்கேயும் வேலை செய்தது. கீழிறக்கைகளைச் சுற்றும் காற்று மேலிறக்கையின் தூக்குவிசையைக் கூட்டுகிறது. மேலிறக்கை கீழுள்ளவற்றின் பங்கைக் குறைக்கிறது. மூன்றும் சமமாகச் சுமக்கும் என்ற எண்ணம் இதனால் குலைகிறது. அமெரிக்காவின் தேசிய வானூர்தி ஆலோசனைக் குழு 1929இல் ஆராய்ந்தபோது, அதிவேகத்தில் மேலிறக்கையின் தூக்குக் கெழு, அதாவது ஒரே பரப்புக்கு அது எவ்வளவு தூக்குகிறது என்ற அளவு, கீழிறக்கையினுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் போகக்கூடும் என்று தெரியவந்தது. விமானி செங்குத்தாகப் பாய்ந்து மூக்கை நிமிர்த்தும் கணத்தில் மேலிறக்கை தன் பங்கைவிட மிகுதியாகச் சுமந்திருக்கிறது.

போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகே இந்த விடை கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. மாதிரிகளின் மீது காற்றைச் செலுத்தி விசைகளை அளக்கும் கூடமான காற்றுச் சுரங்கம் ஒன்று, ஜெர்மானிய அறிவியலாளர் லுட்விக் பிராண்டலின் பொறுப்பில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் போருக்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்தது. அடிப்படை ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தை உடனடிப் பயனில்லாத செலவாகக் கருதும் அரசுகள், ஒரு படைக்கலத்தை நூற்றுக்கணக்கில் வாங்குவதற்கு முன்பு அதன் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி அளந்து பார்க்க ஆகும் செலவு எவ்வளவு சொற்பம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூவிறக்கை வடிவம் மறைந்ததற்கு விபத்துகள் மட்டும் காரணமல்ல. வேகம் கூடக்கூட நுனிச்சுழலின் இழுவை குறைகிறது. தாங்கிகள், கூடுதல் இறக்கைகள் ஆகியவற்றின் மீது காற்று உரசுவதால் எழும் இழுவையோ வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது. 110 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட ஃபோக்கர் விமானம் தரைமட்டத்தில் மணிக்கு 185 கிலோமீட்டரை எட்டியது. 1918இல் எதிரிகள் அதைவிட விரைவாகப் பறந்தார்கள். மேலும், உள்ளேயுள்ள உத்தரமே தாங்கும் தடித்த இறக்கையைப் பிளாட்ஸ் கட்டிக் காட்டிய பிறகு, கம்பியின் உதவியில்லாமலே நீண்ட இறக்கையை வைக்க முடியும் என்றாகிவிட்டது. அப்போது அடுக்கிவைப்பதற்கே தேவையில்லை. 1918 மே மாதத்தில் டி.ஆர்.1இன் உற்பத்தி நின்றது. அதே தொழிற்சாலையின் டி.7 அதே வகைத் தடித்த இறக்கைகள் இரண்டோடு அதன் இடத்தைப் பிடித்தது. மூவிறக்கை விமானம் போர்முனைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆன 1918 ஆகஸ்டில், ஃபோக்கரின் ஒற்றை இறக்கைப் போர் விமானம் அங்கே வந்து சேர்ந்தது.