டிராகன் ஃபுரூட் கொடி படர்கிறது, ஏன் காய்க்கவில்லை?

தோட்டக்கலை ஆலோசகராக நான் போகும் மாடித்தோட்டங்கள் பலவற்றில் இப்போது ஒரு டிராகன் ஃபுரூட் தொட்டி இருக்கிறது. கூடவே ஒரு மனக்குறையும் இருக்கிறது: "செடி பச்சைப்பசேல்னு வளருது சார், ஆனா ஒரு காய்கூட இல்லை." பெரும்பாலும் குறை செடியில் இல்லை. டிராகன் ஃபுரூட் கள்ளி இனத்தைச் சேர்ந்தது. கள்ளி என்றதும் பாலைவனத்தை மனதில் வைத்து வளர்க்கிறோம், சிக்கல் அங்கேதான்.

இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்குள்ள காடுகளில் இது மரமேறும் கொடி. தண்டில் விடும் வேர்களால் பட்டையைப் பற்றிக்கொண்டு, சருகு மக்கிய மண்ணில் உணவு தேடி, கிளைகளுக்கிடையே விழும் வெளிச்சத்தில் மேலே போகும். ஏறும் வரை வளர்ச்சியில்தான் இதற்குக் கவனம். ஏறி முடித்து, கிளைகள் கீழே தொங்க ஆரம்பித்து, அவை முற்றிய பிறகுதான் பூ நிறைய வரும். கிரில் கம்பியிலும் கைப்பிடிச் சுவரிலும் தாறுமாறாகப் படர விட்டால் வருடக்கணக்கில் தண்டு மட்டுமே மிஞ்சும்.

அதனால் முதல் வேலை கம்பம். மண்ணுக்கு மேல் நான்கைந்து அடி நிற்கும் சிமென்ட் தூண் நல்லது. மூங்கில் குச்சி வேண்டாம். முற்றிய கொடியின் பாரத்தை அது தாங்காது. ஒரே ஒரு முதன்மைத் தண்டை மட்டும் ஏற்றி, வழியில் துளிர்க்கும் பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். உச்சியில் பழைய டூவீலர் டயரையோ இரும்பு வளையத்தையோ பொருத்தி, தண்டு அதைத் தாண்டியதும் நுனியை வெட்டுங்கள். அங்கிருந்து கிளைகள் பிரிந்து குடைபோல் கவிழும்.

பாதி வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் ஈரமண்ணும் தூணும் சேர்ந்தால் எடை எளிதாக 100 கிலோவைத் தாண்டும். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே பீமோ தூணோ இருக்கும் இடத்தில் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். காற்றில் சாயாதபடி கட்டுவதும் அவசியம்.

தண்ணீர் விஷயத்தில் நம் மக்களுக்கு அன்பு அதிகம். தினமும் ஊற்றி அடித்தண்டை அழுக வைத்த தொட்டிகளை மழைக்காலம்தோறும் பார்க்கிறேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து, நீர் தேங்காமல் வடியும் கலவை போதும். வெட்டிய தண்டை உடனே நடாதீர்கள். வெட்டுவாய் காயும் வரை ஒரு வாரம் நிழலில் கிடக்கட்டும்.

கத்திரி வெயிலில் சென்னை, வேலூர், திருச்சி மாடிகளில் தண்டு மஞ்சளாகி வெளுக்கும். பலர் அதைச் சத்துக்குறை என்று நினைத்து உரம் போடுகிறார்கள். அது வெயில் சுட்ட காயம். அந்த இடத்தில்தான் பிறகு பூஞ்சை நுழையும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் நிழல்வலை கட்டுங்கள். மற்ற மாதங்களில் நல்ல வெயில் வேண்டும்.

இனி பூவுக்கு வருவோம். மொட்டு கட்டி ஏறத்தாழ மூன்று வாரத்தில், ஒரே ஓர் இரவு மட்டும் விரியும். பொழுது சாய்ந்ததும் இதழ் பிரியத் தொடங்கி, இரவு ஒன்பது பத்து மணிக்குள் ஓரடி நீளப் பூ முழுதாகத் திறந்திருக்கும். காலை வெயில் ஏறினால் துவண்டுவிடும். தாயகத்தில் வௌவாலும் இரவில் பறக்கும் பெரிய விட்டில்களும் மகரந்தத்தைச் சுமக்கும். நகரத்து மாடியில் அவற்றை நம்பி இருக்க முடியாது, அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

டார்ச்சோடு போய்ப் பாருங்கள். பூவின் வாயைச் சுற்றி நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள், நடுவில் விரல்களாகப் பிரிந்த சூல்முடி. தாள்களின் கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்துத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். மென்மையான பிரஷ்ஷால் அதை எடுத்து, சூல்முடியின் எல்லா விரல்களிலும் தடவுங்கள். ஒரு வாரத்துக்குள் பூவின் அடிப்பகுதி மஞ்சளாகி உதிர்ந்தால் காய் பிடிக்கவில்லை. பச்சையாக நின்று பருத்தால் பிடித்துவிட்டது.

வெள்ளைச் சதை ரகங்களில் பல தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சிவப்புச் சதை ரகங்களில் பல அப்படிக் காய்க்காது. வேறொரு ரகத்தின் மகரந்தம் வேண்டும். ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய பத்துத் தண்டுகளை நட்டாலும் அது ஒரே ரகம்தான் என்பதை நர்சரியில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், சிவப்போடு ஒரு வெள்ளையும் சேர்த்து வையுங்கள். "மூன்றே மாதத்தில் காய்க்கும்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். முற்றிய தண்டிலிருந்து வந்த கன்று, நல்ல பராமரிப்பில் பொதுவாக இரண்டாம் ஆண்டில் காய்க்கும். விதையில் முளைத்தது என்றால் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

பகல் நீளும் மாதங்களில் பூக்கும் இனம் இது. வியட்நாமில் குளிர்காலத்திலும் காய் எடுக்க, இரவில் தோட்டமெங்கும் விளக்கெரிக்கிறார்கள். நம் வீட்டில் அது தேவையில்லை. மார்கழியில் பூ இல்லையே என்று உரத்தைக் கொட்டாமல் இருந்தாலே போதும்.

பூ விரிந்து ஒரு மாதத்தில் தோல் சிவக்கும். அதற்குப் பின் நான்கைந்து நாள் விட்டுப் பறியுங்கள். பறித்த பிறகு இந்தப் பழம் இனிப்பாகாது. முறுக்கி இழுத்தால் தண்டு கிழியும். காம்போடு கத்தரியால் வெட்டுங்கள்.

சிவப்புச் சதைப் பழம் சாப்பிட்ட மறுநாள் சிறுநீரும் மலமும் சிவந்து போகலாம். பீட்ரூட்டைப் போலப் பழத்தின் நிறமி வெளியேறுவதுதான் அது. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது. பழத்தை நிறுத்தி இரண்டு நாளாகியும் நிறம் மாறாவிட்டால், அல்லது வலி இருந்தால், மருத்துவரைப் பாருங்கள்.